பத்தடியில் தொலைந்த எட்டுப் பெட்டி

அத்தியாயம் 7

சர்வேயர் தடுக்கி விழப் பார்த்தார்.

மருந்துக் கிடங்கின் வெளிவாசலில், ஒயரை மூடுவதற்காகத் தரையில் பதித்த இரும்புப் பட்டை ஒன்று ஒரு விரல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது. தரைக்கு அடித்த சாம்பல் நிறத்தையே அதற்கும் அடித்துவிட்டதால், புதிதாக வருகிற யார் கண்ணுக்கும் அது படாது. பின்னால் வந்த லொள்ளு அதை ஒரே எட்டில் தாண்டி அவருடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"பார்த்து மேடம். கேஸ் பார்க்க வந்த இடத்துல நாமளே ஒரு கேஸ் ஆயிடப் போறோம்."

சர்வேயர் சிரிக்கவில்லை. மூன்று வருடத்தில் அவர் சிரித்து இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான். இரண்டு தடவையும் எதிரில் யாரோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எரிந்த கடை, நனைந்த சரக்கு, நொறுங்கிய லாரி என்று இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம் மதிப்பிட்டவர் அவர். அதை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் சர்வேயர் என்ற பேர் அவரை விடவில்லை. லொள்ளு அவருடைய உதவியாளன். முப்பத்தெட்டு வயது, பளபளக்கும் வழுக்கை, ஓயாத வாய். அந்தப் பேரை வைத்ததும் சர்வேயர்தான்.

மணி இரண்டு. நான்கு மணிக்குப் போலீஸ் வருகிறது. வந்தால் கேட் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகும். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கிடங்கு முதலாளி சர்வேயரைக் கூப்பிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். நாலு நாளைக்கு முன்னால் இந்தக் கிடங்கிலிருந்து ஓர் ஆஸ்பத்திரிக்கு நாற்பது பெட்டி ஊசி மருந்து போனது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய மருந்து. ஒவ்வொன்றும் ஷூ வாங்கினால் கொடுப்பார்களே, அந்த அளவு பெட்டி. ஆஸ்பத்திரியில் லாரியைத் திறந்து எண்ணினால் முப்பத்திரண்டுதான் இருந்தது. குழந்தைகள் வார்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கைமாற்று வாங்கி ஊசி போட்டிருக்கிறார்கள். லாரியின் சீல் உடையவில்லை. டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

கிடங்கிலோ, வெளிவாசலின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நிற்கிற ரேடியோ தூண்கள் நாற்பது பெட்டி வெளியே போனதாகச் சத்தியம் செய்தன. ஒவ்வொரு பெட்டியிலும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டேக் ஒட்டியிருக்கும். உள்ளே நூல் கனத்தில் ஓர் ஏரியல், கடுகளவு சிப். பெட்டி தூண்களுக்கு நடுவில் போகும்போது தூண் ரேடியோவில் கூப்பிடும், டேக் தன் நம்பரைச் சொல்லிப் பதில் கொடுக்கும். நாற்பது நம்பரும் வந்தால் பச்சை விளக்கு. ஒன்று குறைந்தாலும் சிவப்பு. அன்றைக்குப் பச்சை எரிந்தது.

ஆகவே, தூணுக்கும் லாரிக்கும் நடுவில் இருக்கிற பத்தடியில்தான் எட்டுப் பெட்டியும் போயிருக்க வேண்டும். அந்தப் பத்தடியும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனது ஒரே ஆள். இதே வாசலில் பதினோரு வருடமாக நிற்கிற, எல்லோரும் கேட் அக்கா என்று கூப்பிடுகிற ஐம்பது வயதுப் பெண்மணி.

சர்வேயர் அந்தப் பத்தடியை இரண்டு தடவை நடந்து பார்த்தார். இரண்டு பக்கமும் மொட்டைச் சுவர். ஒரு தீப்பெட்டியை ஒளித்து வைக்கக்கூட இடமில்லை.

"பெட்டிக்குக் காலே முளைச்சிருந்தாலும் எட்டும் ஒண்ணா ஓடியிருக்க முடியாது மேடம்" என்றான் லொள்ளு. "நீங்க தடுக்கின இடத்துல ஒண்ணாவது விழுந்திருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் தூண்களிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான். காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தூண்களைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்தியவனே அவன்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், ரேடியோ கேட் மாட்டிக்கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவன் டெக்னீஷியன். அப்போது தோள் வரை முடியும் நெஞ்சு வரை தாடியும் இருந்தன. காலையில் விலாசத்தைப் பார்த்ததுமே சர்வேயரிடம் சொல்லியிருக்கலாம். பழைய கதை, தூண் தூணாகத்தானே நிற்கிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அது சமாதானம்தான், நிஜமில்லை என்று மனசின் ஒரு மூலைக்குத் தெரிந்தே இருந்தது. முடி கொட்டியதற்காக இன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் சந்தோஷப்பட்டான்.

*

கேட் அக்கா மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அழுதிருக்கவில்லை. அழுகைக்கும் முந்தைய ஒரு கட்டம் உண்டே, எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் சுவரைப் பார்ப்பது, அந்த நிலையில் இருந்தார்.

மேனேஜர் ஏற்கெனவே மூன்று தடவை விசாரித்து முடித்திருந்தார். எல்லாம் முறைப்படி செஞ்சீங்களா என்று கேட்டாராம். முறைப்படிதான் சார் என்று மூன்று தடவையும் அக்கா சொன்னாராம். அந்தப் பதிலை மேனேஜர் எழுதியும் வைத்திருந்தார், அக்காவின் கையெழுத்தோடு.

சர்வேயர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மேனேஜரை அறையிலேயே விட்டுவிட்டு அக்காவை வாசலுக்குக் கூட்டிவந்தார்.

"நான் ஒண்ணும் கேட்கப் போறதில்லைம்மா. முறைப்படின்னா என்ன? எனக்குச் செஞ்சு காட்டுங்க. அன்னைக்குச் செஞ்ச மாதிரியே."

இத்தனை விசாரணையில் இதை யாருமே கேட்கவில்லை என்பது அக்காவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் பேக்கிங் மேஜைக்குப் போய், அதன் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துவந்தார். கைப்பிடிக்காக ஒரு பக்கம் வெட்டிய, அழுக்கேறிய அட்டை. அதன் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பசைத் தடம். நாலு வரிசை, வரிசைக்குப் பத்து.

"முதல்ல விசிறி போடுவோம் மேடம்" என்றார்.

லொள்ளுவின் முகம் மாறியது. அந்த வார்த்தை அவனுடையது. அன்றைக்கு அட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்காட்டி, மிஷினுக்குப் புழுக்கமா இருக்கு, விசிறி போடுங்க அக்கா என்று அவன்தான் சொன்னான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். குளிர் அறைக்காரர் பெட்டியை எடுக்கும்போதே டேக்கை உரித்து இந்த அட்டையில் ஒட்டிவிடுவார். வண்டி கேட்டுக்கு வந்ததும் தான் அட்டையைத் தூக்கிப் பிடித்து ஆட்டுவது. பச்சை விழுந்ததும் வண்டியைத் தள்ளுவது. முன்பெல்லாம் பச்சை விழுந்த பிறகு டேக்கைத் திரும்பப் பெட்டியில் ஒட்டினார்கள். அவசரத்தில் அது எப்போதோ நின்று, டேக் நேராகக் குப்பைக்குப் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் தூண் கிடையாது, கையால்தான் எண்ணுகிறார்கள், ஆகவே டேக் இல்லை என்று யாரும் கேட்டதும் கிடையாது.

"பெட்டியிலேயே ஒட்டியிருந்தா என்னவாம்?"

"சிவப்பு விழும் மேடம். உள்ளே இருக்கறது பூரா தண்ணி மருந்து இல்லையா, தண்ணி ரேடியோவை அடைச்சுடுமாம். நடுவுல மாட்டின பெட்டி பதிலே சொல்லாது. லாரி நிக்கும், டிரைவர் கத்துவான். மிஷின் மாட்ட வந்த தம்பிதான் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்துச்சு. புதுசா யார் வந்தாலும் நான்தான் இதைக் கத்துக்கொடுப்பேன்."

"எந்தத் தம்பி?"

"பேர் தெரியலை மேடம். முடி இவ்வளவு நீளத்துக்கு. சிரிக்கச் சிரிக்கப் பேசும். ஒரு வாரத்துல வந்து சரி பண்ணித் தர்றேன், அதுவரைக்கும் இப்படி ஓட்டுங்கன்னுச்சு. வரவே இல்லை. பாவம், உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு ரொம்ப நாள் பேசிக்கிட்டோம்."

சொல்லிவிட்டு அக்கா தற்செயலாக லொள்ளுவைப் பார்த்தார். ஒரு வேற்று மனிதரைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அவனுக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டை ஒப்படைக்கிற அன்றைக்கு நாற்பதில் முப்பத்தொன்றுதான் பதில் சொன்னது. நூற்றுக்கு நூறு வந்தால்தான் கையெழுத்து என்று கிடங்கு முதலாளி ஃபைலோடு நின்றார். இன்னும் இரண்டு ஏரியல் மாட்டி, டேக் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி பெட்டிகளை மாற்றி அடுக்கச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும். அட்டையை ஆட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். முதலாளி திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க அவன் அட்டையை ஆட்டினான், சான்றிதழில் கையெழுத்துப் போட்டான், அடுத்த வாரம் அவனை வேறு ஊருக்கு வேறு வேலைக்கு அனுப்பினார்கள். மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் போக வெட்கப்பட்டு விட்டுவிட்டான்.

"ஆக, கேட் எண்ணினது அட்டையை. பெட்டியை யாருமே எண்ணலை" என்றார் சர்வேயர். "அப்படின்னா பத்தடியை மறந்துடலாம். அந்த எட்டும் இந்த வாசலுக்கே வரலை."

அவர் லொள்ளுவின் பக்கம் திரும்பினார். வழக்கமாக இந்த இடத்தில் அவனிடமிருந்து ஏதாவது ஒன்று வரும். இன்றைக்கு அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

குளிர் அறையின் கதவைத் திறந்ததும் மூச்சு வெள்ளையாக வந்தது. வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவே குளிர் அறைக்காரர் கைகளைக் கக்கத்தில் திணித்துக்கொண்டு நின்றார். வருடம் முழுக்க ஒரே பச்சை ஸ்வெட்டரோடு அலைவதால் கிடங்கில் அவருக்கு ஸ்வெட்டர் என்றே பேர். தொலைபேசிப் பட்டியலில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது.

கூடவே வந்த மேனேஜர் இந்த அறையைத் தானே சலித்துவிட்டதாகச் சொன்னார். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு ரீடர். அன்றைய சரக்கின் நாற்பது நம்பரையும் அதில் ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் அலமாரியாக நீட்டிக்கொண்டே நடந்தாராம். பெட்டி இருந்தால் அது கீச்சென்று கத்தும். கத்தவே இல்லையாம். உள்ளே இல்லை என்பது அதனால் வெட்ட வெளிச்சம் என்றார்.

சர்வேயர் ரீடரை வாங்கி லொள்ளுவிடம் கொடுத்து நடந்து பார்க்கச் சொன்னார். அவன் ரீடரின் அடியில் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்து அதை உயிர்ப்பித்து, முதல் வரிசையில் நடந்தான். திரை பூஜ்யம் காட்டியது. இரண்டாவது வரிசையிலும் பூஜ்யம். உரித்த பெட்டி இதற்குக் கத்தாது என்று அவனுக்குத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வாயைத் திறக்காமல் நடந்தான்.

சர்வேயர் அலமாரியையே பார்க்கவில்லை. ஸ்வெட்டரின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் குளிருதா அண்ணே?"

"பழகிடுச்சு மேடம்."

"பழகின மாதிரித் தெரியலையே. எங்கே உங்க ஸ்வெட்டர்?"

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் அவருடைய கண் கடைசி வரிசைக்குப் போய்விட்டுத் திரும்பியது. அரை நொடிதான். சர்வேயருக்கு அது போதும். நேரே கடைசி வரிசைக்குப் போனார். கீழ்த்தட்டில் ஒரு பச்சை ஸ்வெட்டர் கைகளை விரித்துக்கொண்டு எதன் மேலோ கவிழ்ந்து கிடந்தது. தூக்கினார். எட்டு வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் டேக் உரிந்த இடத்தில் சதுரமாகப் பசைத் தடம் இருந்தது.

"மேனேஜர் சார், நீங்க நாலு நாளும் ரீடரோட திரையைத்தான் பார்த்தீங்க. பெட்டியைப் பார்க்கலை" என்றார்.

லொள்ளுவுக்கு மூச்சு வந்தது. முடிந்தது, மருந்து கிடைத்துவிட்டது, அக்கா வீட்டுக்குப் போவார், தான் வாயைத் திறக்கவே தேவையில்லை. அந்த நினைப்பு அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்காகவே அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

*

சுகம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

மேனேஜர் எட்டுப் பெட்டியையும் தன் மேஜைமேல் அடுக்கிவைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிந்தது. திருட்டு இல்லை என்று தெரிந்த தெளிவு இல்லை அது. திருடன் எப்படிச் செய்தான் என்று புரிந்துவிட்ட தெளிவு.

டேக்கை உரித்தால் ரீடருக்குத் தெரியாது, அட்டையை ஆட்டினால் கேட்டை ஏமாற்றலாம், எல்லாச் சத்தமும் அடங்கின பிறகு பெட்டியை மெதுவாக வெளியே கொண்டுபோகலாம். பதினோரு வருடம் வாசலில் நின்றவருக்கு இதுகூடவா தெரியாது என்றார். நேற்று வரைக்கும் வெறும் சந்தேகம், இப்போது கையும் களவுமாகச் சான்று என்று சர்வேயருக்கே நன்றி சொன்னார். போதாததற்கு, டேக்கை உரிக்கக் கூடாது என்று அச்சடித்த விதிமுறைக் காகிதம் ஒன்றும், கீழே அக்காவின் கையெழுத்தோடு, ஃபைலில் இருந்தது.

அக்கா நின்றபடியே, எல்லா நாளும் இப்படித்தான் சார் செய்யறோம், எல்லாருக்கும் தெரியும் என்றார். மேனேஜர் ஸ்வெட்டரைக் கூப்பிட்டு, அப்படியா என்று கேட்டார்.

ஸ்வெட்டர் தன் ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"எனக்கு எதுவும் தெரியாது சார். பெட்டி குளிர் தாங்கட்டும்னு மேலே போட்டு வெச்சேன்."

குளிர் அறையில் பெட்டிக்குப் போர்வையாம். வேறு நாளாக இருந்தால் லொள்ளு இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பான். பேக்கிங் மேஜைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து, விசிறி என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆம் என்று சொன்னால் நாலு மணி வண்டியில் அவர்களுக்கும் இடம் உண்டு என்று தெரிந்துவிட்டது.

யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறீர்களே, யார், பேரென்ன என்று மேனேஜர் கேட்டார். கேட் மாட்டின கம்பெனியை மூடி மூன்று வருடமாகிறது என்றும் அவரே சொன்னார்.

"அந்தத் தம்பி இருந்தா சொல்லும் சார்" என்றார் அக்கா. அதற்குமேல் அவரிடம் எதுவும் இல்லை.

மணி மூன்று முப்பத்தைந்து.

*

சர்வேயர் காற்று வாங்குவதாகச் சொல்லி லொள்ளுவை வெளிவாசலுக்குக் கூட்டிவந்தார். லாரி எதுவும் இல்லாத மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். அவனை உட்காரச் சொல்லவில்லை.

"ஒன்றரை மணி நேரமா நீ ஒரு ஜோக்கும் அடிக்கலை" என்றார். "போன மாசம் பல்லு பிடுங்கிட்டு வந்த அன்னைக்கே, வாயில பஞ்சோட பதினாலு அடிச்சே."

லொள்ளு திரும்பித் தூண்களைப் பார்த்தான்.

"உள்ளே வரும்போது இந்தப் பட்டையில நான் தடுக்கினேன். நீ கீழே பார்க்காமலே தாண்டினே. ரீடர் பொத்தான் அடியில இருக்குன்னு யாரும் உனக்குச் சொல்லலை. விசிறின்னு அந்தம்மா சொன்னப்ப உன் மூஞ்சி போன போக்கையும் பார்த்தேன். முடி மட்டும்தான் இல்லை, மத்ததெல்லாம் சரியா இருக்கு."

காலையிலேயே சொல்லியிருக்கணும் மேடம் என்று அவன் ஆரம்பித்தான். சர்வேயர் அதை விட்டுத்தள்ளினார்.

"இப்ப நான் போய் சொன்னா அது என் ஊகம். மேனேஜர் சிரிப்பார். நீ சொன்னா அது சாட்சி."

"சான்றிதழ்ல என் கையெழுத்து இருக்கு மேடம். பொய்ச் சான்றிதழ். வழக்குப் போடலாம்."

"போடலாம்."

"நம்ம ஆபீஸ்ல..."

"அதையும் சொல்லிடறேன்" என்றார் சர்வேயர். அவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. "உன்னை வேலையில வெச்சுக்குவேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. எனக்கே தெரியலை. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணு. நான் உள்ளே போறேன்."

அவர் எழுந்து, பட்டையைக் கவனமாகத் தாண்டி, உள்ளே போனார்.

லொள்ளு தனியாக நின்றான். கம்பி நீட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது நிஜம். தெரு பத்தடியில் இருந்தது. ஆறு வருடமாக இந்தப் பெண்மணி தன்னைப் பற்றி, பாவம், உடம்புக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டிருக்கிறார். திட்டியிருந்தால் ஓடியிருப்பான். அந்தப் பாவம் என்கிற வார்த்தைதான் அவன் காலைக் கட்டிப்போட்டது.

பேக்கிங் மேஜைக்குப் போனான். டேக் சுருளிலிருந்து மறுநாள் போக வேண்டிய, இன்னும் பெட்டியில் ஒட்டாத ஒரு சரக்குக்கான நாற்பது டேக்கைக் கிழித்தான். அழுக்கு அட்டையை எடுத்து, அந்தப் பழைய பசைத் தடங்களின் மேலேயே ஒவ்வொன்றாக ஒட்டினான். பழைய வேகம் அப்படியே இருந்தது.

"மேனேஜர் சார், ஒரு நிமிஷம் வாசலுக்கு வர்றீங்களா? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

எல்லோரும் வந்து நின்றார்கள். லொள்ளு வண்டி இல்லாமல், பெட்டி இல்லாமல், அட்டையை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டே தூண்களுக்கு நடுவில் நடந்தான். டிங் என்று மணி அடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த திரையில் எழுத்து ஓடியது: நாற்பது பெட்டி வெளியேறியது, நன்றி.

மேனேஜர் திரையைப் பார்த்தார். பிறகு அவனுடைய காலி இடது கையைப் பார்த்தார்.

"நாற்பது பெட்டி இப்ப போயிடுச்சு சார்" என்றான் லொள்ளு. "உங்க சிஸ்டத்துல நான் இப்ப நாற்பது பெட்டித் திருடன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அக்கா இல்லை. அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். ஆறு வருஷத்துக்கு முன்னால இந்தக் கேட்டை ஒப்படைக்கும்போது அது வேலை செய்யலை. வேலை செய்யுதுன்னு கையெழுத்துப் போட்டேன். ஃபைல்ல சான்றிதழ் இருக்கும், எடுத்துப் பாருங்க. ஒரு வாரத்துல வர்றேன்னு சொன்ன ஆளும் நான்தான்."

மேனேஜர் கணக்காளரை அனுப்பி ஃபைலை வரவழைத்தார். சான்றிதழில் இருந்த கையெழுத்தையும், லொள்ளு காகிதத்தில் போட்டுக்காட்டிய கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு வரிசையில் பின்னால் நின்ற ஸ்வெட்டர் முன்னால் வந்தார். அன்றைக்கு நாற்பது டேக்கையும் உரித்தது தான்தான் என்றார். முப்பத்திரண்டைக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டு மீதி எட்டை எடுக்கப் போகும்போது போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பினால் பச்சை எரிந்து லாரியே கிளம்பியிருந்தது, வேறு யாராவது எட்டையும் எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். மறுநாள் அலமாரியில் பார்த்தபோது அக்காவைக் குற்றவாளி என்று சொல்லி முடித்திருந்தார்கள். பயம். ஸ்வெட்டரைப் போட்டு மூடினார். மூன்று நாளாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குளிர் அதிகமாகத் தெரிந்ததாம்.

மேனேஜர் போலீஸுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். சொல்லும்போது வாசலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க என்று மட்டும் சொன்னார்.

லொள்ளு மறுநாள் காலை எழுத்துமூலம் வாக்குமூலம் தர வேண்டும், மேற்கொண்டு முதலாளி முடிவு செய்வார். சர்வேயர் அதை ஒரு வரியில் குறித்துக்கொண்டு தன் காருக்குப் போனார். அவனைக் கூப்பிடவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

*

கேட் அக்கா தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். லொள்ளு ஓடிப்போய் கூடச் சேர்ந்துகொண்டான்.

"உடம்பெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?" என்றார் அக்கா.

"நல்லாத்தான் இருந்துச்சு அக்கா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க அவன் மத்தியானத்திலிருந்து வார்த்தை தேடிவைத்திருந்தான். நான் என்ன செய்யணும் அக்கா என்று மட்டும் கேட்டான்.

அக்கா யோசித்தார். பஸ் வந்தது. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு நாளா நான் உள்ளே நுழைஞ்சதும் என் பொண்ணு என் பையை வாங்கிப் பிரிச்சுப் பார்க்கறா."

அரை மணி நேரப் பயணம். இரண்டாவது மாடி, கதவு எண் பித்தளையில் மின்னியது. மணியை அழுத்தியதும் மகள் கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், ஆபீஸ் உடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. அம்மாவின் பின்னால் நின்ற அந்நியனைக் கவனிப்பதற்கு முன்பே அவள் கை பழக்கமாக நீண்டது. அக்கா பேசாமல் பையைக் கொடுத்தார். அவள் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டாள்.

லொள்ளு வாசலில் நின்றபடியே சொன்னான். கேட், அட்டை, கையெழுத்து, ஆறு வருடம், எட்டுப் பெட்டி கிடைத்த இடம், எல்லாவற்றையும். சுற்றி வளைக்கவில்லை, தனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. கை மட்டும் பைக்குள்ளேயே இருந்தது. அவன் முடித்ததும் அவள் மெதுவாகக் கையை வெளியே எடுத்து ஜிப்பை மூடப் போனாள்.

"மூடாதே" என்றார் அக்கா. "இன்னைக்கும் முழுசாப் பாரு. பார்த்து முடிச்சுட்டுக் கொடு."

"அம்மா..." என்று அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மகள் அழுதுகொண்டே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசல் மேஜைமேல் வைத்தாள்: சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, பஸ் பாஸ். லொள்ளு அத்தனையும் வெளியே வரும் வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.